கூசேன்வில் வீட்டில் ஒரு குறையும் இல்லை

மார்க்ஸ் டோர்மோய், பாரிஸ்
12 மே 2024, ஞாயிறு

அன்புள்ள புனிதம்,

நீர் துலூஸுக்குப் போய் இன்றோடு இருபத்திரண்டு நாள். நேற்று ஃபோனில் முழங்கால் எப்படி என்று உம்மிடம் கேட்டேன், பதில் சொன்னது உம்முடைய தங்கச்சி தர்மிளா. வீட்டுக் கதையைத் தொடங்கினேன், பின்னாலிருந்து அவளுடைய மனிசன், "அண்ணை, வட்டி இன்னும் இறங்கும், அவசரப்படாதேங்கோ" என்கிறார். அங்கே ஃபோன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும் போலிருக்கிறது. நீர் சொன்னதே சரி. வீட்டு விசயம் இனிமேல் கடிதத்தில். ஃபோனில் மழை வெயிலைப் பற்றிக் கதைப்போம். வீடியோவும் அனுப்பமாட்டேன். வீடியோவில் கக்கூசும் மண்டபம் மாதிரித் தெரியும் என்று நீர் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன்.

உம்முடைய முழங்காலுக்குள் புதிய மூட்டு வைத்த டொக்டர் லிப்ட் இல்லாத ஐந்தாம் மாடி கூடாது என்று சொன்னபோது, நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இருபத்துநான்கு வருடம் ஏறி இறங்கினோம், ஒருநாளும் படிகளை எண்ணியதில்லை. இப்போது ஒவ்வொரு நாளும் எண்ணுகிறேன். தொண்ணூற்றாறு. படி இல்லாத வீடு ஒன்று வாங்கி உம்மைக் கூட்டிவருவேன் என்று மொம்பர்னாஸில் ரயில் ஏற்றும்போது சொன்னேன். நீர் சிரித்தீர். அது என்ன சிரிப்பு என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

முதல் வீட்டை நேற்றுப் பார்த்தேன். ஓல்னே-சூ-புவாவில், தரைத்தளத்தில் ஒரு ஃபிளாட். கூட்டிக்கொண்டு போனது மரியான் என்ற ஏஜென்சிப் பெண். இரண்டு படுக்கை அறை, குசினிக்குத் தனிக் கதவு, விலை ஒரு லட்சத்து அறுபத்தையாயிரம் யூரோ. எங்களுடைய எல்லை இரண்டு லட்சம், ஆகவே கணக்குக்குள் வரும். ஆனால் யன்னலைத் திறந்தால் கார் நிறுத்துகிற இடம். ஒரு சாம்பல் நிறக் காரின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முப்பத்தொரு வருடம் ரெஸ்டோரண்டின் நிலக்கீழ்க் குசினியில் யன்னல் இல்லாமல் வெங்காயம் வெட்டியவன் நான். கடைசியில் வாங்குகிற வீட்டிலும் காரின் பின்பக்கம்தானா என்று நினைக்க மனம் விட்டுப்போயிற்று. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கோபிக்காதேயும். உமக்குத் தோட்டம் உள்ள வீடுதான் பார்ப்பேன்.

அன்புடன்,
குணரத்தினம்


துலூஸ்
19 மே 2024

அன்புள்ள சாம்பவி அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. குளியலறையில் இருந்து வாசித்தேன். இந்த வீட்டில் தாழ்ப்பாள் உள்ள இடம் அது ஒன்றுதான்.

முதலில் ஒன்று கேட்கிறேன். தோட்டம் வேண்டும் என்று நான் எப்போது சொன்னேன்? யோசித்துப் பாருங்கள். தோட்டம் தர்மிளாவுடைய வீட்டில் இருக்கிறது. போன வருடம் அதைப் பார்த்துவிட்டு ரயிலில் நாலரை மணித்தியாலமும் வாய் திறக்காமல் வந்தது நீங்கள். நான் பக்கத்தில் இருந்து உருளைக்கிழங்குப் பொரியல் சாப்பிட்டுக்கொண்டு வந்தேன்.

எனக்கு வேண்டியது படி இல்லாத வீடு, கதவு உள்ள குசினி. பள்ளிக்கூடக் கன்ரீனில் என் வேலை திரும்பக் கிடைத்தால் போய்வர ஒரு ரயில். சாம்பவிக்கும் இவ்வளவுதான். லீல் நகரத்திலிருந்து ஃபோன் எடுத்தவள், "எங்க வாங்கினாலும் ரயில் நிலையத்துக்குக் கிட்ட வாங்குங்கோ" என்றாள். அதையும் பிரெஞ்சில்தான் சொன்னாள். ஓல்னே ஃபிளாட்டில் காரைப் பார்த்தேன் என்று எழுதினீர்கள். குசினிக்குத் தனிக் கதவு என்றும் எழுதினீர்கள். நான் அந்தக் கதவைத்தான் வாசித்தேன்.

சரி, நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் எல்லைக்கு மேலே உள்ள வீட்டைப் பார்க்கப் போகாதீர்கள். பார்த்தால் நீங்கள் அதற்குள் குடியிருக்கத் தொடங்கிவிடுவீர்கள். ஷோகேஸில் தொங்கிய கோட்டுக்கு மூன்று மாதம் வணக்கம் சொல்லிப்போன ஆள் நீங்கள்.

இங்கே எல்லோரும் நல்லவர்கள். ஸ்திரி போடும் அறையில் எனக்குக் கட்டில் போட்டிருக்கிறார்கள். காலுக்குப் பயிற்சி தர ஒரு கினே வருகிறாள், ஷார்லோத் என்று பெயர், ஊசி மாதிரி இருப்பாள், ஆனால் பிடித்தால் விடமாட்டாள். சீனி மருந்தை நேரத்துக்குப் போடுங்கள்.

இப்படிக்கு,
புனிதவதி


மார்க்ஸ் டோர்மோய்
9 ஜூன் 2024

அன்புள்ள புனிதம்,

வீடு கண்டுவிட்டேன். முழுதும் வாசித்த பிறகு கோபியும்.

கூசேன்வில். வடக்கு ரயில் நிலையத்திலிருந்து அரை மணித்தியாலம். ரயிலால் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் ஒரு சிறிய தெரு. தெரு முடிகிற இடத்தில் அந்த வீடு. மேல்மாடி கிடையாது. முன்கதவுக்கு ஒரு படி, அதுவும் உள்ளங்கை உயரம். மூன்று அறை, பின்னால் ஒரு பேரி மரம். காய்கள் இப்போதுதான் விரல்நுனி அளவு.

வீட்டுக்காரி சுசான், எண்பத்தொரு வயது. புருசன் இறந்துவிட்டார், மகனோடு பிரெஸ்துக்குப் போகப்போகிறா. பாதிச் சாமான் ஏற்கனவே போய்விட்டது. கிழக்குப் பக்க அறையில் மூலையில் ஒரு அலுமாரியைத் தவிர ஒன்றும் இல்லை. சுவரில் படங்கள் மாட்டியிருந்த இடம் மட்டும் வெள்ளை வெள்ளையாக. அந்த நேரம் வெயில் உள்ளே வந்து தரையில் நீட்டிப் படுத்திருந்தது. நானும் பக்கத்தில் படுத்துப் பார்த்தேன். மரியான் மயங்கிவிட்டேன் என்று நினைத்துத் தண்ணீர் எடுக்க ஓடினாள். சுசான் மட்டும் கதவடியில் நின்று பார்த்தா.

அப்போது ஒரு விமானம் போனது. றுவாசி விமான நிலையம் கிட்டத்தானே, தாழப் பறக்கும். யன்னல் கண்ணாடி மெல்ல நடுங்கி ஒரு ஒலி எழுப்பியது. அந்த ஒலி அடங்கியபோது, புனிதம், நீர் பக்கத்து அறையில் ஏதோ தேடுகிற மாதிரி எனக்குக் கேட்டது. பொய் இல்லை. "என்ன தேடுறீர்?" என்று தமிழில் கேட்டும்விட்டேன்.

விலை இரண்டு லட்சத்து முப்பத்தெட்டாயிரம். தெரியும். மரியானும் சொன்னாள், இது உங்கள் எல்லைக்கு மேலே என்று. இரவு வேலையும் கொஞ்சம் எடுத்தால் சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். வியாழக்கிழமை முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துவிட்டேன். மனம் மாறினால் பத்து நாளுக்குள் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டால் ரத்து. வங்கிப் பத்திரத்தையும் இதோடு அனுப்புகிறேன். அதில் உம்முடைய கையெழுத்து இல்லாமல் கடன் நகராது.

உம்மைக் கேட்காமல் செய்தது பிழைதான். கேட்டிருந்தால் செய்திருக்கமாட்டேன், அதனால்தான் கேட்கவில்லை.

குணம்


துலூஸ்
13 ஜூன் 2024

சாம்பவி அப்பாவுக்கு,

கடிதம் செவ்வாய் வந்தது. செவ்வாய் முழுக்க நான் ஒருவரோடும் கதைக்கவில்லை. "அக்காவுக்குக் கால் நோகுதோ?" என்று தர்மிளா மூன்று முறை கேட்டாள். ஓம் என்று சொன்னேன். ஷார்லோத் வந்து காலை மடக்கச் சொன்னபோது உங்கள் மேலிருந்த கோபத்தில் இதுவரை மடக்காத அளவுக்கு மடக்கினேன். நல்ல முன்னேற்றம் என்று எழுதிவிட்டுப் போனாள்.

முப்பத்தெட்டாயிரம் அதிகம். உங்களுக்கு ஐம்பத்தேழு வயது. இரவு வேலை எடுக்கப் போகிறீர்களாம். சீனி உள்ள மனிசன் இரவில் நின்று பாத்திரம் கழுவிக் கட்டுகிற வீட்டுக்குள் நான் காலை நீட்டிக்கொண்டு இருப்பேன் என்று எப்படி நினைத்தீர்கள்? ரத்துக் கடிதம் போடுங்கள் என்று நேற்று ஒரு தாளில் எழுதினேன். உறையிலும் போட்டேன்.

முத்திரை ஒட்டப் போனபோது, குசினி யன்னல் எந்தப் பக்கம் என்று ஒரு யோசனை வந்தது. நீங்கள் அதை எழுதவேயில்லை. தரையில் படுத்தீர்கள், விமானம் கேட்டீர்கள், குசினிக்குள் போனீர்களா இல்லையா? பேரி மரம் குசினியிலிருந்து தெரியுமா? அப்படி யோசித்துக்கொண்டே தேத்தண்ணீரை ஆறவிட்டுவிட்டேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்தேன்.

நான் பக்கத்து அறையில் என்ன தேடினேன் என்று எனக்குத் தெரியும். உங்கள் மருந்துப் பெட்டியைத்தான்.

வங்கிப் பத்திரத்தில் கையெழுத்து வைத்து இதோடு அனுப்புகிறேன். கடன் வராவிட்டால் ஒப்பந்தம் தானே முறிந்துபோகும் என்று சாம்பவி சொன்னாள். வந்தால் கடவுள் விட்ட வழி. இரவு வேலை மட்டும் எடுக்கக்கூடாது. இது என் நிபந்தனை.

புனிதவதி


மார்க்ஸ் டோர்மோய்
14 ஜூலை 2024, ஞாயிறு

அன்புள்ள புனிதம்,

குசினி யன்னல் தெற்குப் பக்கம். பேரி மரம் பாதி தெரியும். மற்றப் பாதியைச் சுசானின் பழைய குளிர்சாதனப் பெட்டி மறைக்கிறது, அது போய்விடும்.

இப்போது நான் சொல்லப்போவதை அங்கே ஒருவரிடமும் சொல்லாதேயும். வெள்ளிக்கிழமை அங்கே பால் காய்ச்சினேன்.

வங்கிப் பதில் இன்னும் வரவில்லைத்தான். ஆனால் லா ஷப்பலில் நாங்கள் அரிசி வாங்குகிற கடையில் பஞ்சாங்கம் பார்த்தார்கள். ஆடி பிறக்கப்போகிறது, ஆடியில் புதுவீட்டில் அடுப்பு மூட்ட ஏலாது. ஆவணியில் உம்முடைய நட்சத்திரத்துக்குப் பொருந்துகிற நாள் ஒன்றும் இல்லையாம். "அண்ணை, வெள்ளி விடிய ஒரு நல்ல நேரம் இருக்கு, விட்டால் பிறகு எப்பவோ" என்றார் கடைக்காரர். பால்தானே, பத்திரம் பிறகு வரட்டும் என்று நினைத்தேன். அதே கடையில் ஒரு சின்னப் பானை வாங்கி, குசினியை அளக்கவேண்டும் என்று சுசானிடம் பொய் சொல்லிப் போனேன்.

அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கும்பிட்டபடி நின்றேன். அது விளிம்புக்கு வருகிற நேரம், "முசியே, பால், பால்" என்று கத்திக்கொண்டு சுசான் ஓடிவந்து அடுப்பை அணைத்துவிட்டா. நான் பாலை மறந்துபோனேன் என்று நினைத்திருக்கிறா. எனக்கு உயிரே போய்விட்டது. இது பொங்கத்தான் வேண்டும், பொங்கினால்தான் வீட்டுக்கு நல்லது என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விளக்கினேன். சுசான் தன் கையாலேயே அடுப்பை மூட்டி, என் பக்கத்தில் வந்து நின்றா. இரண்டுபேரும் பாலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மேலே விமானம் போக, பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

அதைத் துடைத்தபடி சுசான் அழுதா. நாற்பத்தாறு வருடம் இந்த அடுப்பில் பால் வழியாமல் காவல் காத்திருக்கிறேன் என்றா. பிறகு சீனி போட்டுக் குடித்தோம். எனக்குச் சீனி கூடாது, தெரியும், அரைக் கரண்டிதான்.

குணம்


துலூஸ்
21 ஜூலை 2024

அன்புள்ள சாம்பவி அப்பாவுக்கு,

கடன் வராத வீட்டில் பால் காய்ச்சிய மனிசன் பிரான்ஸில் நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள். வாசித்துவிட்டு வாயில் சேலைத் தலைப்பை வைத்துச் சிரித்தேன். பிறகு பயமாய் இருந்தது. பால் பொங்கிவிட்டால் அது எங்கள் வீடு. அப்படித்தான் எனக்கு மனம் சொல்கிறது. வங்கிக்கு அது தெரியுமா?

ஒருவரிடமும் சொல்லாதே என்றீர்கள். மன்னியுங்கள், தர்மிளாவிடம் சொல்லிவிட்டேன். கூசேன்வில்லில் பேரி மரத்தோடு வீடு என்றதும், அவளுடைய மனிசன் முதல்முறையாக ஒரு அபிப்பிராயமும் சொல்லாமல் சோற்றைப் பிசைந்தார். அந்த ஒரு நேரச் சாப்பாட்டுக்காகவே முப்பத்தெட்டாயிரம் கொடுக்கலாம் போல இருந்தது.

உங்களை ஏசி ஏசி, கடைசியில் நானும் அந்த வீட்டுக்குள் குடிபோய்விட்டேன். ஸ்திரி அறையில் கண்ணை மூடினால் போதும். முன்கதவின் உள்ளங்கை உயரப் படி, இடது பக்கம் சப்பாத்து வைக்க இடம், கிழக்கு அறையில் சாம்பவி வந்தால் படுக்க ஒரு மெத்தை. நான் ஒரு கதவைச் சாத்துகிறேன், அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை. அவ்வளவுதான் கனவு, வேறொன்றும் நடப்பதில்லை.

இங்கே என்னை ஒருவரும் ஒரு குறை சொல்லவில்லை. ஆனால் நான் சாப்பிட்ட கோப்பையைச் சத்தம் கேளாமல் கழுவி வைக்கிறேன். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கமுன் யோசிக்கிறேன். மூன்று மாதமாய் இப்படி. எனக்கு என்னுடைய வீடு வேண்டும். உங்களையும் பார்க்கவேண்டும், அதைப் போய் எழுதவேண்டுமா என்று விட்டிருந்தேன், எழுதிவிடுகிறேன்.

வங்கிப் பதில் வந்ததும் எழுதுங்கள். வருகிற நாளைச் சொல்லுங்கள்.

புனிதவதி


மார்க்ஸ் டோர்மோய்
11 ஓகஸ்ட் 2024, ஞாயிறு

அன்புள்ள புனிதம்,

எழுதச் சுணங்கிவிட்டது. ரெஸ்டோரண்டில் வேலை கூட. பத்திரம் எழுதுகிற நோத்தேரும் ஓகஸ்ட் என்றால் கடற்கரைக்குப் போய்விடுவார், உமக்குத் தெரியும்தானே. எல்லாம் செப்டம்பரில்தான் நகரும். யோசிக்கவேண்டாம்.

வீட்டைப் பற்றி எழுதுகிறேன். விடிய ஆறு மணிக்குக் கிழக்கு அறைக்கு வெளிச்சம் வரும். அது தரையைக் கடந்து சுவரில் ஏற ஒன்பது மணியாகும். அதுவரை அந்த அறையில் விளக்கு வேண்டாம். பேரிக்காய் இப்போது நல்ல பருமன். காற்று அடித்தால் ஒன்றிரண்டு புல்லில் விழும், ஆனால் அடிபடாது, புல் அவ்வளவு மெத்தென்று இருக்கிறது. குசினிக் கதவு சத்தமில்லாமல் சாத்தும். நீர் தாளிக்கிற மணம் வெளியே போகாது, போனாலும் பக்கத்து வீட்டார் நல்ல ஆட்கள். விமானச் சத்தம் தூரத்தில் மழை பெய்கிற மாதிரித்தான், பழகிவிட்டால் தாலாட்டு. குளியலறையில் உமக்குக் கைபிடிக்க ஒரு கம்பிகூட ஏற்கனவே இருக்கிறது. மாலையில் பின்பக்கம் கதிரையைப் போட்டு இருந்தால் வானம் முழுக்கத் தெரியும். விமானங்களின் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வரும், கையைத் தூக்கினால் எட்டும் போல.

நீர் அங்கே ஒன்றுக்கும் கூச்சப்படாதேயும். நன்றாகச் சாப்பிடும். காலைக் கவனமாகப் பாரும். அவசரப்பட்டு வெளிக்கிடவேண்டாம், நானே நாள் சொல்லுவேன்.

குணம்


துலூஸ்
18 ஓகஸ்ட் 2024

சாம்பவி அப்பாவுக்கு,

கடிதத்தை நாலு முறை வாசித்தேன். வடிவான கடிதம். தர்மிளாவுக்கும் வாசித்துக் காட்டலாம் என்று எடுத்துவிட்டு, காட்டாமல் மடித்து வைத்தேன்.

ஓல்னே ஃபிளாட்டில் காரின் பின்பக்கம் தெரிந்தது. கூசேன்வில்லில் ஜூலையில் பார்த்தபோது குளிர்சாதனப் பெட்டி மரத்தை மறைத்தது. உங்களோடு இருபத்தாறு வருடம். புதுச் சப்பாத்து வாங்கினாலும் கடை வாசலிலேயே இடது கால் கடிக்கிறது என்பீர்கள். இந்தக் கடிதத்தில் ஒரு குறையும் இல்லை. பேரிக்காய் விழுகிறது, அடிபடவில்லை. விமானம் தாலாட்டாம். பக்கத்து வீட்டார் நல்லவர்களாம்.

எனக்கு ஒரேயொரு உதவி செய்யுங்கள். அந்த வீட்டில் உள்ள ஒரு குறையை எழுதுங்கள். குழாய் ஒழுகுகிறது, சுவர் ஈரம் இழுக்கிறது, ஏதாவது ஒன்று. அதை வாசித்தால் நான் நிம்மதியாய் நித்திரை கொள்ளுவேன்.

எழுத ஒன்றும் இல்லை என்றால், உண்மையை எழுதுங்கள்.

புனிதவதி


மார்க்ஸ் டோர்மோய்
30 ஓகஸ்ட் 2024

புனிதம்,

வீடு போய்விட்டது.

வங்கிக் கடிதம் ஜூலை 26ஆம் திகதியே வந்தது. கடன் இல்லை. நான் நேரில் போனேன். வங்கியில் இருந்த பிள்ளை நல்ல மரியாதையாகத்தான் விளங்கப்படுத்தியது. என்னுடைய வயது, என்னுடைய சீனி, கடன் காப்புறுதிக்கு அவர்கள் கேட்கிற பணம், அதோடு... அடுத்ததை எழுதக்கூடாது என்றுதான் ஒரு மாதம் பொய் எழுதினேன். நீர் மருத்துவ விடுமுறையில் இருப்பதால் உம்முடைய சம்பளத்தைக் கணக்கில் எடுக்கவில்லையாம். அது காரணங்களில் கடைசி வரி, சின்ன வரி. ஆனால் உமக்கு அது மட்டும்தான் கண்ணில் படும் என்று எனக்குத் தெரியும். உம்முடைய முழங்காலால் இது போகவில்லை. எல்லை தாண்டாதே என்று நீர் எழுதியும் தாண்டிப்போய்க் கையெழுத்து வைத்தவன் நான்.

கட்டிய முற்பணம் திரும்பி வந்துவிட்டது. வீட்டை ஒரு இளம் சோடி வாங்குகிறார்கள். ஒருநாள் ரயில் ஏறிப் போய்த் தெரு முனையில் நின்று பார்த்தேன். பெட்டை ஒருத்தி யன்னல் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் பால் பொங்கவைத்த வீட்டில் வேறு யாரோ குடியிருக்கப்போகிறார்கள். அவர்களுக்கு நல்லாய் இருக்கட்டும் என்று நினைக்கப் பார்த்தேன், முழுசாக நினைக்க வரவில்லை.

நீர் கேட்ட குறையைச் சொல்லவா? கிழக்கு அறையின் மூலையில் ஈரம். சுசான் அதில் ஒரு அலுமாரியை வைத்து மறைத்திருந்தா. நான் முதல் நாளே கண்டேன், பிறகு காணாத மாதிரி விட்டுவிட்டேன்.

ஓல்னே மாதிரி ஒன்றை அப்போதே எடுத்திருந்தால் நீர் இப்போது இங்கே இருப்பீர். எனக்கு உம்முடைய முகத்தைப் பார்க்க வெட்கமாய் இருக்கிறது. உம்முடைய தங்கச்சியின் மனிசனுக்கு ஏதாவது சொல்லிச் சமாளியும். அங்கே படி இல்லை, தோட்டம் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் ஏதாவது வழி பண்ணும்வரை அங்கேயே இரும். எவ்வளவு காலம் என்று கேட்காதேயும். வீடில்லாமல் உம்மை வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை.

குணரத்தினம்


மார்க்ஸ் டோர்மோய், பாரிஸ்
12 செப்டம்பர் 2024, வியாழன்
பின்னேரம் மூன்றரை

அன்புள்ள சாம்பவி அப்பாவுக்கு,

மேலே உள்ள விலாசத்தைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். பிழையாக எழுதவில்லை.

காலை ரயிலில் வந்தேன். சாம்பவிதான் டிக்கெட் எடுத்துத் தந்தாள், உங்களிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். மொம்பர்னாஸில் பன்னிரண்டாம் இலக்க மெத்ரோ, அது நேரே எங்கள் வாசலுக்குத்தான் வருகிறது. தர்மிளாவுக்கு உண்மையைச் சொன்னேன், வீடு வாங்கவில்லை, கடன் தரவில்லை என்று. அவளுடைய மனிசன் மறுபடியும் வட்டியைப் பற்றிக் கதைத்தார். இந்த முறை எனக்குச் சிரிப்பு வந்தது, வேறொன்றும் வரவில்லை. நல்ல மனிசன், என் பையைத் தூக்கிக்கொண்டு வந்து ரயிலில் ஏற்றிவிட்டார்.

டொக்டர் கூடாது என்றார்தான். ஆனால் அது ஏப்ரலில். உங்கள் கடைசிக் கடிதம் வந்த அன்று ஷார்லோத்திடம் கேட்டேன், ஐந்து மாடி ஏறினால் என்ன ஆகும் என்று. "தினமும் என்றால் கூடாது, ஒரு நாளைக்கு என்றால் நோகும்" என்றாள். நோகட்டும் என்று விட்டேன்.

முதல் மாடி லேசு. இரண்டாம் மாடியில் குடியிருக்கிற ஆனைஸ் கண்டுவிட்டாள், ஓடிப்போய்க் கதிரை கொண்டுவந்து போட்டாள். மூன்றாம் மாடியில் படியிலேயே இருந்தேன். நாலாம் மாடியில் ஏன் வெளிக்கிட்டேன் என்று என்னை நானே ஏசினேன். அங்கே கொஞ்சம் அழுதேன், ஒருவரும் காணவில்லை. மொத்தம் ஒரு மணித்தியாலமும் ஐந்து நிமிடமும்.

உள்ளே வந்து குசினியைப் பார்த்தேன். இரண்டு கோப்பை, ஒரு சட்டி, மூன்று நாளைக்கு முந்திய பருப்பு. இதைப் பிறகு கதைப்போம்.

உங்களுடைய கடிதங்கள் எல்லாவற்றையும் ரயிலில் வைத்துத் திரும்ப வாசித்தேன். வீடு கிடைத்தால்தான் வருவேன் என்று நான் ஒரு இடத்திலும் எழுதவில்லை. நீங்கள்தான் எழுதினீர்கள். திரும்பத் திரும்ப எழுதியதில் நானும் அது என் நிபந்தனை என்று நம்பிவிட்டேன். முழங்கால் வரியை மறைக்க ஒரு மாதம் தனியாக இருந்து பொய் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை வாசித்துவிட்டு நான் அழவில்லை. நீங்கள் தெரு முனையில் நின்றீர்கள் என்ற இடத்தில்தான் அழுதேன். பால் பொங்கியது வீணாகப் போகவில்லை. அந்தக் கிழவிக்கு நாற்பத்தாறு வருடக் காவல் முடிந்தது. எங்களுக்கு இரண்டு மாதம் ஒரு வீடு இருந்தது.

இனி என் கணக்கைக் கேளுங்கள். ஒக்டோபர் முதலாம் திகதி கன்ரீனில் என்னை எடுக்கிறார்கள், கதிரையில் இருந்துகொண்டு செய்கிற வேலை, கடிதம் கையில் இருக்கிறது. எனக்குச் சீனி இல்லை. காப்புறுதியில் பெரிய பங்கை என் பேரில் போடலாமாம், சாம்பவி கேட்டுச் சொன்னாள். மரியானோடு நானே ஃபோனில் கதைத்தேன், என் பிரெஞ்சில்தான், விளங்கிக்கொண்டாள். ஓல்னேயில் தரைத்தளத்தில் ஒன்று இருக்கிறதாம். எல்லைக்குள் வரும். யன்னலுக்கு வெளியே என்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை. காராகத்தான் இருக்கும். திரைச்சேலை போடுவோம், அல்லது அந்தக் காரைப் பார்த்துப் பழகுவோம். இன்னும் உறுதி இல்லை, கடன் மறுபடியும் மாட்டேன் என்று வரலாம். வந்தால் வேறொன்று பார்ப்போம். ஆனால் இந்த முறை நான் கிட்ட நிற்கும்போதுதான் நீங்கள் கையெழுத்து வைக்கவேண்டும்.

அதுவரைக்கும் நான் கீழே இறங்கப் போவதில்லை. ஏறியது போதும். எனக்கு வீடு வேண்டியிருப்பது இங்கேயிருந்து இறங்குவதற்குத்தான். உங்களிடம் வருவதற்கு வேண்டியிருக்கவில்லை.

நீங்கள் நாலரைக்கு வருவீர்கள். நேரில் என்றால் நான் சத்தம் போடத் தொடங்கி, பாதியை மறந்துவிடுவேன், அதனால் இதை எழுதி, கதவுக்கு வெளியே கால்மிதியில் வைக்கிறேன். அங்கேயே நின்று முழுதும் வாசியுங்கள். அழுவதென்றால் அங்கேயே அழுது முடியுங்கள், உள்ளே ஒரு ஆள் அழுதால் போதும்.

பிறகு தட்டுங்கள். திறப்பைப் போடவேண்டாம், நான்தான் வந்து திறப்பேன். கதிரையிலிருந்து எழும்பி வர நேரம் செல்லும். அவசரப்படாமல் நில்லுங்கள்.

புனிதம்